பின்னாடி 'டொக் டொக்' சத்தமா? ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் பழைய கார் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியவை

ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது பின்சீட்டுக்குக் கீழிருந்து ஒரு 'டொக்'. பள்ளம் வந்தால் இரண்டு 'டொக்'. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் வரும் பதிலும் பழக்கமானதுதான்: "ஷாக் போயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்." மாற்றியாகிறது. ஆயிரக்கணக்கில் பில் வருகிறது. மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பினால், அதே ஸ்பீட் பிரேக்கர், அதே 'டொக்'.

எல்லா இடத்திலும் இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. பின்பக்கச் சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிப்பது உண்மையிலேயே சிரமம். காரின் பின்பாதி ஒரு காலி டப்பா மாதிரி. இடது பக்கம் தட்டினால் வலது பக்கம் கேட்கும், அடியில் தட்டினால் கூரையில் கேட்கும். நேரம் எடுத்துத் தேட வேண்டிய வேலை அது. வரிசையில் ஆறு கார் நிற்கும் ஒர்க்‌ஷாப்பில் அந்த நேரம் கிடைப்பதில்லை. அதனால் அனுபவத்தில் அடிக்கடி மாற்றிய பாகத்தையே மாற்றச் சொல்கிறார்கள்.

இதில் பணம் போவது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை இன்னொன்று இருக்கிறது. பின் சஸ்பென்ஷனில் அதிகமாகச் சத்தம் போடுபவை பெரும்பாலும் சில நூறு ரூபாய்ச் சாமான்கள். ஆபத்தானவை பல நேரம் சத்தமே போடாது. சத்தத்தை மட்டும் துரத்திக்கொண்டு போனால், சத்தம் நின்றதும் 'சரியாயிடுச்சு' என்று நிம்மதியாகி, எண்ணெய் வற்றிய ஷாக்கோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருச்சி ஹைவேயில் நூறில் போவது நடக்கும்.

அடியில் என்ன இருக்கிறது?

முன்சக்கரங்களை ஒப்பிட்டால் பின்பக்க அமைப்பு எளிமையானது. ஸ்டீயரிங் கிடையாது. சின்ன கார்களில் இன்ஜின் பவரும் பின்னால் வருவதில்லை. ஆனால் எல்லா காருக்கும் ஒரே அமைப்பு இல்லை. எந்த அமைப்பு என்று தெரியாமல் தேடினால், இல்லாத பாகத்தைத் தேட வேண்டிவரும்.

அம்பாசடர், ஆம்னி, குவாலிஸ், பொலிரோ போன்றவற்றில் பின்னால் கமான் பட்டை. லாரியில் பார்க்கிற அதே அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள். மாருதி 800 முதலில் 1983-ல் வந்தபோது அதிலும் பின்னால் பட்டைதான். 1986-ல் வந்த அடுத்த மாடலில்தான் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது. அந்த 800, பழைய ஜென், ஆல்டோ எல்லாவற்றிலும் இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரு முழு ஆக்ஸில் இருக்கும். அது முன்னும் பின்னும் நகராமல் இருக்க இரண்டு கைகள், பக்கவாட்டில் நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பி. அந்தக் குறுக்குக் கம்பிக்கு ஷெட்டில் 'லேட்டரல் ராட்' என்று பெயர்.

ஸ்விஃப்ட், ஐ10, ஃபிகோ, போலோ என்று இன்று செகண்ட் ஹேண்டில் அதிகம் கைமாறும் ஹேட்ச்பேக்குகளில் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு கைகளை நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்தச் சட்டம் லேசாக முறுக்கிக் கொடுக்கும். இந்த மொத்த அமைப்பையும் காரின் பாடியோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டே இரண்டு பெரிய ரப்பர் புஷ்கள். அந்த இரண்டு புஷ்ஷின் தலைமேல்தான் காரின் பின்பக்கமே நிற்கிறது என்று சொல்லலாம்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே கொஞ்சம் குழப்பம் தருவது. அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன், எண்ணெய், எண்ணெய் நுழைந்து போகச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஆட்டம் எண்ணெயில் உரசிச் சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. சுமையைத் தாங்குவது அதன் வேலை இல்லை. ஆகவே கார் பின்னால் தாழ்ந்து நிற்கிறது என்பதற்காக ஷாக்கை மாற்றச் சொன்னால், அது தப்பான வைத்தியம்.

முதல் வேலை: டிக்கியைக் காலி செய்யுங்கள்

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஸ்பேனரைத் தொடும் முன் செய்ய வேண்டியது இதுதான். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, தண்ணீர் கேன், குடை, கிரிக்கெட் பேட் எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டும். பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பார்சல் டிரேயையும் கழற்ற வேண்டும். பின்சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு பிளாஸ்டிக்கில் தட்டாதபடி மாட்டிவிட வேண்டும். பிறகு அதே தெருவில், அதே வேகத்தில் ஒரு ரவுண்டு.

சத்தம் போய்விட்டால் வேலை முடிந்தது. ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகு லூஸாக இருந்திருக்கும். அல்லது ஜாக்கி அதன் இடத்தில் இறுக்கமாக உட்காமல் இருந்திருக்கும். சத்தம் கொஞ்சம் மாறியிருந்தால் டிக்கிக் கதவின் பூட்டையும், கதவு மோதும் இடத்தில் இருக்கும் ரப்பர் கட்டைகளையும் பார்க்கலாம். பழைய ஹேட்ச்பேக்கில் அந்த ரப்பர் தேய்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் கதவு பூட்டுக்குள் ஆடும். சஸ்பென்ஷன் சத்தம் மாதிரியே கேட்கும். பின்சீட்டின் முதுகுப் பகுதியை மடக்கும் லாக்கும் இதே வித்தையைக் காட்டும்.

அடுத்தது சைலன்சர். அது ரப்பர் வளையங்களில்தான் தொங்குகிறது. ஒரு வளையம் இழுத்து நீண்டுவிட்டால், குழாய் ஆக்ஸிலையோ அடித்தட்டையோ தட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது, காரை அணைத்துவிட்டு, சைலன்சர் முனையைக் கையால் ஆட்டிப் பார்த்தாலே 'டங்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

டயரில் காற்று எவ்வளவு என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். பெட்ரோல் பங்கில் "எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு வைப்பா" என்று சொல்லும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. ஆள் ஏறாத பின்பக்கத்தில் காற்று அதிகமாக இருந்தால், நல்ல சஸ்பென்ஷன்கூடத் துள்ளும், தட்டும்.

சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி விடை

டிக்கி காலி, காற்று சரி, இன்னும் சத்தம் வருகிறது என்றால், அடுத்த கேள்வி 'எங்கே' அல்ல, 'எப்போது'. நல்ல மெக்கானிக்குகள் காரைத் தொடும் முன் கேட்பது இதைத்தான். "எப்பவுமே வருது அண்ணே" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. கொஞ்சம் கவனித்துப் பதில் சொன்னால் அரை மணி நேரத் தேடல் மிச்சமாகும்.

நேரான சமதளத்தில் காரை மெதுவாக முன்னால் நகர்த்தி பிரேக் பிடிக்க வேண்டும். பிறகு ரிவர்ஸ் போட்டு, நகர்த்தி, மறுபடி பிரேக். திசை மாறும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து ஒரே ஒரு கனமான 'டுக்' வந்தால், சந்தேகப்பட வேண்டியது பீம் புஷ் அல்லது பின்கைகளின் புஷ். ரப்பர் கிழிந்திருப்பதால் ஆக்ஸில் முன்னும் பின்னும் நகர்ந்து இரும்பில் இடிக்கிறது. ஷாக் போனதால் இப்படிச் சத்தம் வராது.

சின்னச் சின்னக் கற்கள் இருக்கிற, தார் பெயர்ந்த ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 'கடகட'வென்று விடாமல் வந்தால், ஷாக்கின் மேல் முனையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு ரப்பர் மவுண்ட்டும் ஒரு நட்டும் இருக்கும். நட் லூஸானாலோ ரப்பர் நைந்துபோனாலோ ஷாக்கின் தண்டு மேலும் கீழும் தட்டும். புது ஷாக் போட்ட பிறகும் சத்தம் தொடர்வதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்: ஷாக்கை மட்டும் மாற்றி, பழைய மவுண்ட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள்.

இதே கடகட சத்தத்துக்கு இன்னொரு சந்தேக நபர் உண்டு. பின் டிரம் பிரேக்குக்குள் இருக்கும் ஷூ. சோதிப்பது எளிது. ஆள் நடமாட்டம் இல்லாத கரடுமுரடான ரோட்டில் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை மிக லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். கார் நிற்கக் கூடாது, ஷூ மட்டும் டிரம்மைத் தொட வேண்டும். சத்தம் சட்டென்று நின்றால் பிரச்சினை பிரேக்கில் இருக்கிறது. ஷூவைப் பிடிக்கும் ஸ்பிரிங்கோ கிளிப்போ தளர்ந்திருக்கும்.

பெரிய பள்ளத்திலும் ஸ்பீட் பிரேக்கரிலும் மட்டும் 'டமால்' என்று அடித்தால், சஸ்பென்ஷன் அதன் கடைசி எல்லை வரை இறங்கி முட்டுகிறது என்று அர்த்தம். முட்டும் இடத்தில் பம்ப் ஸ்டாப் என்ற ஃபோம் அல்லது ரப்பர் கட்டை இருக்கும். பழைய கார்களில் அது பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். ஷாக் தண்டைச் சுற்றி மஞ்சள் அல்லது கறுப்புத் துகள் சிந்திக் கிடந்தால் அதுதான். ஆனால் ஏன் கடைசி வரை இறங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஷாக் செத்திருக்கலாம், ஓவர்லோடாகவும் இருக்கலாம். நம் ஸ்பீட் பிரேக்கர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், 17 மீட்டர் ஆர வளைவோடு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வசதியாகக் கடக்கலாம். தெருவுக்குத் தெரு கான்கிரீட்டைக் குவித்துப் போட்டிருக்கும் திண்ணைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவற்றில் புது கார்கூட இடிக்கும்.

'ஊ...'வென்று வேகத்தோடு சேர்ந்து ஏறும் சத்தம் சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்டதே இல்லை. அது வீல் பேரிங். காலி ரோட்டில் மிதமான வேகத்தில் காரை மெல்ல வலது பக்கம் வளைத்தால் எடை இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் அதிகமானால் இடது பேரிங், குறைந்தால் வலது. வெள்ளத்தில் நின்ற கார்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் சக்கரம் மூழ்க நின்றன. சீட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றி மணக்க மணக்க விற்றுவிடலாம். பேரிங்குக்குள் போன சேற்றுத் தண்ணீர் எளிதில் வெளியே வராது.

இதையெல்லாம் டிரைவர் சீட்டில் இருந்து கேட்டால் சரியாகத் தெரியாது. நண்பர் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்பது நல்லது. இல்லையென்றால் போனில் வீடியோ ஆன் செய்து டிக்கியின் இடது மூலையில் ஒரு ரவுண்டு, வலது மூலையில் ஒரு ரவுண்டு வைத்துப் பதிவு செய்யலாம். இரண்டையும் ஹெட்போனில் கேட்டால் எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் பிடிபடும். ஒர்க்‌ஷாப்பில் "இங்க வரமாட்டேங்குதே சார்" என்று சொன்னாலும் காட்ட ஆதாரம் கையில் இருக்கும்.

சத்தமில்லாமல் சாகும் ஷாக்

இனி சத்தம் போடாதவை. ஷாக் ஒரே நாளில் போவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். தினம் ஓட்டுபவரின் உடம்பு அதற்குப் பழகிவிடும். ரொம்ப நாள் கழித்து காரில் ஏறும் மச்சானோ மாமாவோதான் "என்னப்பா, வண்டி படகு மாதிரி ஆடுது" என்று கண்டுபிடிப்பார்.

ஆட்டத்தால் வயிறு கலங்குவது சின்ன விஷயம். ஷாக் போன காரில் சக்கரம் ரோட்டை விட்டுக் குதிக்கிறது. குதிக்கும் அந்த நொடியில் அந்த டயருக்குப் பிடிப்பு இல்லை. நேராகப் போகும்போது தெரியாது. ஆனால் மழையில், வளைவில், மேடுபள்ளமான இடத்தில் திடீரென்று பிரேக் அடித்தால், பின்பக்கம் பக்கவாட்டில் வீசும். பிரேக் எவ்வளவு புதிதாக இருந்தாலும், டயர் தரையில் இல்லாதபோது அது எதைப் பிடிக்கும்?

இதைச் சோதிக்க எல்லோருக்கும் தெரிந்த வழி, டிக்கி மூலையை அழுத்திவிட்டு விடுவது. ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது, இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் போச்சு. இதில் பாதிதான் உண்மை. ஆடினால் நிச்சயம் போச்சு. ஆனால் ஆடவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையால் அழுத்தும்போது நொடிக்கு ஒருமுறை, ஒன்றரைமுறைதான் கார் ஆடும். ரோட்டில் குதிக்கும் சக்கரமோ நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் ஆடும். அந்த வேகத்தில் எண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையால் அழுத்திக் கண்டுபிடிக்க முடியாது. போதாக்குறைக்கு, துருப்பிடித்து இறுகிய பழைய புஷ்களே காரை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். செகண்ட் ஹேண்ட் கார் விற்பவர் டிக்கியை ஒருமுறை அழுத்திக் காட்டி "பாத்தீங்களா, கல்லு மாதிரி நிக்குது" என்றால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நம்பகமான சாட்சி டயர். பின் டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் மேடு, கொஞ்ச தூரம் பள்ளம் என்று அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் ரொம்ப நாளாகக் குதித்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததும் கைக்குத் தெரியும். விற்பதற்கு முன் டயரை முன்பின் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்பதால், நான்கையும் தடவிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, ஷாக்கின் உடம்பு. லேசான எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருப்பது சாதாரணம். தண்டு ஏறி இறங்கும்போது அவ்வளவு கசியத்தான் செய்யும். ஆனால் மேலிருந்து பாதி உடம்புவரை ஈரமாக நனைந்திருந்தால், சொட்டு வழிந்திருந்தால், உள்ளே எண்ணெய் குறைந்துவிட்டது. பளபளவென்று துடைத்து வைத்திருந்தாலும் சந்தேகப்படலாம். மற்றதெல்லாம் புழுதியாக இருக்கும்போது ஷாக் மட்டும் ஏன் குளித்திருக்கிறது?

இன்னொரு வழி, சூடு. ஷாக் ஆட்டத்தைச் சூடாக மாற்றுகிறது என்பதை வைத்தே சோதிக்கலாம். கால் மணி நேரம் மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு, நிறுத்தி, உடனே இரண்டு பின் ஷாக்குகளையும் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கதகதப்பில் இருக்க வேண்டும். ஒன்று சூடாகவும் இன்னொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. சைலன்சர் ஓடும் பக்கம் சும்மாவே சூடாக இருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும், கையையும் சுட்டுக்கொள்ளக் கூடாது.

போன் இங்கேயும் உதவும். தெருவோரம் ஒருவர் பாதுகாப்பாக நின்று, ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டும் பின்சக்கரத்தை ஸ்லோமோஷனில் எடுத்தால் போதும். நல்ல ஷாக் இருந்தால் சக்கரம் இறங்கி ஒட்டிக்கொள்ளும். போன ஷாக் என்றால் பந்து மாதிரி துள்ளும். இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட்டால் விவாதத்துக்கே இடமில்லை.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா?

ஸ்பிரிங்கைச் சோதிக்க ஒரு டேப் போதும். சமதளத்தில், ஆளும் சுமையும் இல்லாமல், காரைக் கொஞ்சம் முன்பின் உருட்டி நிறுத்த வேண்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது பெரிதல்ல. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் என்றால் தாழ்ந்த பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.

'உடைந்த ஸ்பிரிங்கோடு எப்படி ஓடும்?' என்று தோன்றலாம். ஓடும். காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் கடைசிச் சுற்றில்தான் உடைகிறது. கீழே அது உட்காரும் கிண்ணத்தில் மண்ணும் தண்ணீரும் தேங்கும், பெயின்ட் உரியும், துரு தின்னும். ஈசிஆர் ஓரத்திலும், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களிலும் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரமே முடிக்கும். ஒரு துண்டு ஒடிந்து விழுந்தபின், மீதி ஸ்பிரிங் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்து வழக்கம்போல வேலை செய்யும். எப்போதாவது ஒரு 'டங்'. அவ்வளவுதான். டார்ச் அடித்து கீழ்ச்சுற்றைப் பார்த்தால் ஒழிய தெரியாது.

இரண்டு பக்கமும் சமமாகத் தாழ்ந்திருந்தால் வித்தியாசம் தெரியாது. அதற்கு வேறு அடையாளம் உண்டு: எதிரே வருகிறவர்கள் அடிக்கடி டிம் போடச் சொல்லி லைட் அடிப்பார்கள். பின்பக்கம் தாழ்ந்ததால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது. பின்னால் சிஎன்ஜி சிலிண்டர் வைத்த கார்களில் இது சகஜம். அந்தக் கனம் டிக்கியில் எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

இதற்குத் தீர்வாகக் கடைகளில் விற்கப்படுவது ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையம். 'ஸ்பிரிங் அசிஸ்டர்', 'பஃபர்' என்று பல பெயர்கள். கார் உடனே உயரும், அடி தட்டுவதும் நிற்கும். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அது முட்டுக்கொடுப்பதுதான். செருகிய இடத்தில் சுற்றுகள் அசைய முடியாததால் மற்ற சுற்றுகள் கூடுதலாக வளைகின்றன. துருப்பிடித்த ஸ்பிரிங்கில் இதைச் செய்வது வீண் வேலை. வாங்கப் போகும் பழைய காரில் இந்த வளையத்தைப் பார்த்தால், 'எதை மறைக்க இது?' என்று கேட்பது நியாயம்.

கிழிந்த புஷ்: அலைன்மென்ட் சீட்டு சொல்லும் ரகசியம்

ஹைவேயில் லேன் மாறும்போது, ஸ்டீயரிங்கைத் திருப்பி அரை நொடி கழித்து பின்பக்கம் தனியாக ஒருமுறை அசைந்து வருகிற மாதிரி இருக்கிறதா? பக்கத்தில் பஸ் கடந்து போனால் பின்னால் யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கிறதா? பின் ஆக்ஸில் அதன் இடத்தில் உறுதியாக இல்லை. டார்ஷன் பீம் கார் என்றால் பீம் புஷ், ஆல்டோ போன்றவற்றில் லேட்டரல் ராட் புஷ். ஸ்டீயரிங் முன்னால்தான் இருக்கிறது, ஆனால் புஷ் கிழிந்த காரில் பின்சக்கரமும் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் திரும்புகிறது. அறுபதில் இது ஒரு நெருடல். நூறில், மழையில், கட்டுப்பாடு கைவிட்டுப் போக இதுவே போதும்.

காசில்லாத சோதனை ஒன்று உண்டு. காலி மைதானத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தாண்டி, காய்ந்த தரையில் நேராக ஓட்டிவிட்டு இறங்கிச் சக்கரத் தடங்களைப் பார்க்க வேண்டும். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளியிருந்தால் சரி. ஒரு பக்கம் வெளியே, மறுபக்கம் உள்ளே என்றிருந்தால் கார் கோணலாக ஓடுகிறது.

காசுள்ள சோதனை, நான்கு சக்கர அலைன்மென்ட். முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்து "ஓகே சார்" என்று அனுப்பிவிடுவார்கள். பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் பின்சக்கரத்துக்கும் டோ, கேம்பர் என்று எண்கள் இருக்கும். பெரும்பாலான டார்ஷன் பீம் கார்களில் பின்சக்கர அளவுகளைத் திருகி மாற்ற வழியே கிடையாது. தொழிற்சாலையில் எப்படி வந்ததோ அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே பின்பக்க எண்கள் சிவப்பில் இருந்தால் பீம் வளைந்திருக்கிறது, சக்கரம் மாட்டும் ஸ்டப் வளைந்திருக்கிறது அல்லது புஷ் கிழிந்திருக்கிறது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவருக்கு இது பொன்னான தகவல். பின்னால் அடிபட்ட கதையைப் பெயின்ட் மறைக்கும், இந்தச் சீட்டு மறைக்காது.

கடைசியாக நேரில் பார்ப்பது. பிட் அல்லது லிஃப்ட் இருக்கும் ஷெட்டில் லீவர் கம்பியை வைத்துப் பீமை மெல்ல நெம்பச் சொல்ல வேண்டும். ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் இருப்பது வயதின் அடையாளம், பயப்பட வேண்டியதில்லை. நெம்பும்போது ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே வாய் திறந்தால் அது போன புஷ். வீட்டில் ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிவிட்டு அடியில் தலையை நுழைப்பது மட்டும் கூடாது. ஜாக்கி சக்கரம் மாற்றத்தான். ஆள் அடியில் படுக்க ஸ்டாண்ட் வேண்டும், முன்சக்கரத்துக்குக் கட்டை வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க

ஷாக்கும் ஸ்பிரிங்கும் இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இதில் மெக்கானிக் சொல்வது சரி. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஷாக்கோடு மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றையும் சேர்த்து வாங்கிவிட்டால் பின்னால் இரட்டைக் கூலி மிச்சம். படுக்க வைத்திருந்த புது ஷாக்கை நேராக நிறுத்தி நாலைந்து தடவை முழுதாக அழுத்தி இழுத்துவிட்டுப் பிறகு மாட்டினால் உள்ளே சிக்கிய காற்று விலகும்.

ஷாக்கைப் பழைய மார்க்கெட்டில் வாங்குவது பற்றி: புதுப்பேட்டையில் கிடைக்காத பாகம் இல்லை. கதவு, கண்ணாடி, டிக்கிப் பூட்டு என்றால் அங்கே தாராளமாக வாங்கலாம். ஷாக், புஷ், ஸ்பிரிங் ஆகியவை தேய்கிற சாமான்கள். இன்னொரு காரில் பத்து வருடம் தேய்ந்ததை வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை. லேத்தில் கடைந்த நைலான் புஷ்ஷும் அப்படித்தான். ஆட்டம் நிற்கும், ஆனால் ரப்பர் முறுக்கிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கல்லை வைத்த மாதிரி ஆகிவிடும். அதிர்வெல்லாம் நேராகப் பாடிக்குப் போகும்.

புஷ் மாற்றினால் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான ஷெட்டில் காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் கை மேலே போகும், இறுகிய ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் கார் சும்மா நிற்கும்போதுகூட ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். வருடக்கணக்கில் வர வேண்டிய புஷ் மாதக்கணக்கில் கிழிவதற்கு இது முக்கியக் காரணம். போல்ட்டை லூஸாகப் போட்டு, காரைச் சக்கரத்தின் மேல் நிறுத்தி, அதன் எடை முழுதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். "அண்ணே, வண்டிய கீழ இறக்கிட்டு டைட் பண்ணுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லிவிட்டால், பெரும்பாலும் தட்ட மாட்டார்கள்.